வெக்கை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். "வெக்கை வந்துச்சுன்னா ஒரு தொழுவம் மிஞ்சாது தம்பி. கண்ணுல தண்ணி, வாயில புண்ணு, கழிச்சல். உழவு மாடு போச்சுன்னா அந்த வருசம் வெள்ளாமையும் போச்சு."

அந்த வெக்கைக்குக் கடலுக்குள்ளும் ஒரு பங்காளி உண்டு என்றேன். அவர் நம்பவில்லை.

1990-ல் ஸ்பெயின் கரையோரம் டால்பின்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கில் மடிந்தன. காரணம் ஒரு வைரஸ். மாட்டு வெக்கை, ஆட்டுக்கொல்லி, மனிதருக்கு வரும் தட்டம்மை எல்லாம் அதே குடும்பம். கிருமியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். அந்தக் குடும்பத்து மற்ற வைரஸ்களுக்கென்று தயாரித்திருந்த எதிர்ப்பொருள்கள், டால்பின் திசுவிலும் போய் ஒட்டின. குட்டு உடைந்தது.

கிருமியைக் கண்டாயிற்று. எதிர்த்து நிற்க டால்பினுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? உடம்பின் காவல்கார செல்கள் விழித்துக்கொண்டால், அவற்றின் மேல்தோலில் சில புரதங்கள் அதிகமாகும். ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருளை விட்டால், அந்தப் புரதத்தில் ஒட்டி, விழித்த செல்லைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வித்தையை 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் கிடைத்தது. ஆனால் மனித செல்லுக்கென்று செய்தவற்றில் பல, திமிங்கில செல்லில் ஒட்டுவதில்லை. தனியாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. சில்வேன் டி கைஸ் குழுவினர் 2002-ல் திமிங்கில இனங்களின் வெள்ளணுக்களை இனம்பிரித்துக் காட்டும் எதிர்ப்பொருள்களை வெளியிட்டார்கள். கடலில் நாம் கலக்கும் ரசாயனங்கள் இந்தக் காவலை எவ்வளவு மழுங்கடிக்கின்றன என்று அளக்கவும் இவை உதவுகின்றன.

ஒரு சிக்கல், இதற்கு உயிருள்ள செல் வேண்டும். நம் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் 1973 ஜனவரியில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் எண்பதுக்கும் மேல். அவற்றில் 45 செத்தன. வெயிலில் கிடக்கும் உடல் காத்திருக்காது. ரத்தத்தின் சாட்சியும் அதோடு மண்ணுக்குள் போய்விடும்.

மாட்டு வெக்கை உலகைவிட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டதன் பலன்.

எல்லாம் கேட்ட பெரியவர் கடைசியில் கேட்டார்: "மாட்டுக்கு ஊசி போட வீடு தேடி வந்தாக. கடல்ல கெடக்கிறதுக்கு யாரு தம்பி வருவா?"

டீ ஆறிப்போயிருந்தது.