படைவீடு போனது, அம்மன் நின்றாள்

சவ்வாது மலையடிவாரத்தில், ஆரணிக்கும் போளூருக்கும் பக்கத்தில் உள்ள படவேட்டின் இரண்டு கோயில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு வழிபாடு எதனால் வளர்கிறது என்ற கேள்விக்கு விடை தென்படும். ஒன்று அம்மையப்பேசுவரர் கோயில். 1258ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, ராசகம்பீரச் சம்புவராயன் காலத்து ஆதரவை அங்கே பதிந்து வைத்திருக்கிறது. அன்று இந்த ஊர் பெயருக்கேற்ற படைவீடு, சம்புவராயரின் தலைநகர். 1360ஐ ஒட்டி விசயநகரத்தின் குமார கம்பணன் அவர்களை அடக்கினான். படைவீட்டு ராச்சியம் என்ற பெயர் சில காலம் நிலைத்தது. பிறகு அதிகாரம் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. அதோடு பேணுவாரின்றிச் சிதைந்த கோயில்களில் அம்மையப்பேசுவரர் கோயிலும் ஒன்று. மற்றது ரேணுகாம்பாள் கோயில். கோட்டையும் கொத்தளமும் போன பின்னும் ஆடி முதல் வெள்ளி தொடங்கி ஏழு வெள்ளிக்கு அங்கே கூட்டம் அலைமோதுகிறது. ஒரே மண், ஒரே ஆறு, ஒரே படையெடுப்பு. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மத அமைப்புகளை வகைப்படுத்திய ஐரோப்பிய அறிஞர்கள் இதற்கு ஒரு கருவியைத் தந்தார்கள். மாக்ஸ் வேபரும், 1912இல் வெளிவந்த நூலில் எர்ன்ஸ்ட் ட்ரோல்ச்சும், பிறப்பாலேயே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் பெருந்திருச்சபை ஒரு வகை, விரும்பி வந்தவர்களை மட்டும் சேர்க்கும் சிறு குழு இன்னொரு வகை என்று பிரித்தார்கள். அந்தச் சிறு குழு ஒரு தலைமுறைக்குள்ளேயே வீடு வாசல், பிள்ளை குட்டி என்று ஊன்றி, ஊரோடு ஒத்துப்போகும் சபையாக மாறிவிடும் என்று 1929இல் ரிச்சர்ட் நீபூர் காட்டினார். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை அலகு உறுப்பினர். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்டுத்தான் அமைப்பை அளக்கிறார்கள். ரேணுகாம்பாளுக்கு உறுப்பினர் கிடையாது. பட்டியல் இல்லை, சந்தா இல்லை, தீட்சை இல்லை. இங்கே அலகு முறை: இன்னார் இன்ன நாளில் இன்னது செய்ய வேண்டும் என்ற கடமையும், அதற்கு ஈடாகக் கிடைக்கும் மரியாதையும். முறையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்த வழிபாடு வளர்ந்தது; ஒரே கொடையாளியைச் சார்ந்தது அவரோடு சாய்ந்தது. படவேட்டு வரலாறு எனக்குச் சொல்வது இதுதான்.

அம்மனின் கதையே இதற்குச் சான்று. மகன் பரசுராமன் கையால் தலையிழந்து மீண்டவள் ரேணுகை. கருவறையில் வணங்கப்படுவது அவள் சிரசு. கணவர் ஜமதக்கினி இறந்தபோது தீயில் இறங்கினாள், மழை பெய்து தீ அணைந்தது, மேனியெங்கும் கொப்புளம். உடுத்த ஒன்றுமின்றி வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு சேரிக்குப் போனாள். அந்த மக்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள். வண்ணார் சேலை கொடுத்தார். கதையில் வரும் ஒவ்வொரு பொருளும் இன்று ஒரு சடங்கு: வேப்பஞ்சேலை நேர்த்திக்கடன், மாவும் வெல்லமும் வைத்த படையல், ஆடிக் கூழ். கொடுத்த கை ஒவ்வொன்றும் கதைக்குள்ளேயே இடம் பெற்றுவிட்டது. பிரசாதத்திலும் இதே தன்மைதான். ஜமதக்கினி வேள்வி செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில் தோண்டி எடுக்கிற மண்ணே இங்கே திருநீறு. அதை மடித்து எடுத்துப்போகும் குடும்பம் வீட்டு மாடத்தில் படவேட்டின் ஒரு பிடி மண்ணை வைத்திருக்கிறது.

இந்தப் பக்கத்து மக்கள் அமைப்பே அறியாதவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1425ஐ ஒட்டிய விரிஞ்சிபுரம் கல்வெட்டு, படைவீட்டு ராச்சியத்துப் பிராமணர்கள், அதாவது கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய எல்லோரும், கூடிச் செய்த உடன்பாட்டைச் சொல்கிறது. இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் முடிப்பது; மீறினால் அரச தண்டனையோடு பிராமணியத்திலிருந்தும் விலக்கு. நெசவாளரான செங்குந்தர் எழுபத்திரண்டு நாடுகளாகப் பிரிந்து, காஞ்சிபுரத்து மகாநாட்டைத் தலைமையாகக் கொண்டு, தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். உள்ளே, வெளியே என்ற கணக்கு வலுவாகவே இருந்தது. ஆனால் அது சாதியின் கணக்கு. அம்மன் அந்தக் கட்டுகளைக் கலைக்கவில்லை, அவற்றின் மீது படர்ந்தாள். தறி ஓடும் ஊர்களில் தேவாங்கருக்குச் சௌடேஸ்வரி உண்டு, செங்குந்தருக்கு முருகன் உண்டு. ஆனாலும் ஆடி வெள்ளிக்குப் படவேடு போவதில் யாருக்கும் தடையில்லை. பாவு பிறப்போடு வருகிறது, ஊடையை நேர்த்திக்கடன் ஓட்டுகிறது.

குலதெய்வம் பிறப்போடு வருவதுதானே, ஆகவே வேபர் சொன்ன முதல் வகைதானே என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் அம்மை கண்டு பிழைத்த பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட தாய் பிறப்பால் வந்தவள் அல்லள். அவள் வேண்டுதலே அடுத்த தலைமுறைக்குக் குலவழக்கமாகிறது. இன்னொரு கேள்வி மேல்மருவத்தூரைக் காட்டும். பங்காரு அடிகளார் என்ற ஒருவரைச் சுற்றி, செவ்வாடையும் இருமுடியும் வார வழிபாட்டு மன்றங்களுமாக அரை நூற்றாண்டில் பரவிய ஆதிபராசக்தி இயக்கம், உறுப்பினர் முறையின் வேகத்தை நிரூபிக்கவில்லையா? வேகம் உண்மை; பெண்களுக்கு அது திறந்த கதவும் பெரிது. ஆனால் அந்த இயக்கம் கையாண்டதும் ஆடியும் கூழும் சக்தியும் என்ற பழைய பழக்கங்களைத்தான். நிறுவியவர் 2023இல் மறைந்த பிறகே அதன் நீண்ட சோதனை தொடங்குகிறது.

புரவலர் தேவையில்லையா என்ற கேள்வியும் நியாயமானது. 1990களிலிருந்து தொழிலதிபர் வேணு சீனிவாசன் முயற்சியில் படவேட்டுக் கோயில்கள் பல மீண்டெழுந்தன. அது பெரும் பணி. கல்லை அடுக்கப் புரவலர் போதும். விளக்கை நாள்தோறும் ஏற்ற, அது தன் முறை என்று நினைக்கும் குடும்பம் வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான எதிர்வாதம் சாதி. முறை என்பது இடம் கொடுப்பது மட்டுமல்ல, இடத்தைக் குறுக்குவதும்கூட. கதையில் அம்மனுக்கு மாவும் வெல்லமும் கொடுத்த சேரிக்குத் தமிழகக் கோயில்கள் பலவற்றின் வாசல் மூடியே கிடந்தது. அதைத் திறக்க 1947இல் சட்டம் வேண்டியிருந்தது. என் வாதத்துக்கு இது விரோதமல்ல, அளவுகோல். முறை எந்த அளவுக்கு விரிகிறதோ அந்த அளவுக்கே வழிபாடு தன் கதைக்கு உண்மையாக இருக்கிறது.

உறுப்பினரை வைத்து அளக்கும் பழக்கம் நம் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனித்த பெயர் ஆகியவை உள்ளதே சமயப் பிரிவு என்ற அகராதி விளக்கத்தை ஏற்றது. மடங்களுக்கு அது பொருந்தும். ஆடி வெள்ளியில் வேப்பிலை கட்டி வரும் கூட்டத்துக்குத் தனிப்பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது வெறும் பக்தர் கூட்டம். கோயில் நிர்வாகங்கள் நிலத்துக்கும் நகைக்கும் பதிவேடு வைக்கின்றன. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குடும்பம் எந்த உபயத்தைச் செய்கிறது, யாருக்கு இன்னும் முறை கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு பதிவேடு வேண்டும். சம்புவராயன் கொடுத்ததைக் கல்லில் எழுதி வைத்தார்கள். கூழ் கொடுத்தவர்களை யாரும் எழுதவில்லை. ஆனால் கோயிலைக் காத்தவர்கள் அவர்களே.