முதிய நாய்களுக்கான சாய்பலகை

மூட்டுத் தேய்மானத்தாலோ முதுகெலும்புக் கோளாறாலோ தாவ முடியாமல் போன நாய்கள் காரிலும் கட்டிலிலும் ஏறி இறங்க உதவும், மடித்துத் தூக்கிச் செல்லத்தக்க பலகை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற கனத்த இனங்களுக்கும், நீள முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸ்ஹண்டுக்கும் மிகவும் பயன்படுவது. ஏறுவதைப் போலவே இறங்குவதிலும் கவனம் தேவை. குதிக்கும்போது உடற்பாரம் முழுவதும் முன்னங்கால்களில் விழுகிறது.

சரிவுதான் முக்கியம். 50 செ.மீ. உயரத்துக்கு 150 செ.மீ. நீளப் பலகை வைத்தால் சாய்வு ஏறத்தாழ 20 பாகை. தளர்ந்த நாயை இதைவிடச் செங்குத்தாக ஏறவைப்பது கொடுமை. மேலே ரப்பர் விரிப்பு ஒட்ட வேண்டும். ஒருமுறை வழுக்கிய நாய் மறுபடி கால்வைக்கத் தயங்கும். பழக்கும்போது முதலில் பலகையைத் தரையில் கிடத்தி, தீனி காட்டி நடக்கவிட்டு, பிறகே மெல்ல உயர்த்த வேண்டும்.

கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில் இதன் அருமை சிகிச்சைக்கான பயணத்தில் தெரியும். 1958இல் தொடங்கிய பெங்களூர் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. 30 கிலோ நாயை வயதானவர்கள் வண்டியில் தூக்கி வைப்பது இருவருக்குமே கேடு. கடைப்பலகை கிடைக்காவிட்டால், தடித்த ஒட்டுப்பலகையில் தச்சரே செய்துதரலாம்.