எண்ணிக்கை வேறு, நேரம் வேறு



ஒளித்துப் பிடித்து விளையாடும்போது ஒரு பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு நூறு வரை எண்ணும். மற்றவர்கள் ஒளிந்துகொள்ளக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். சின்னப் பிள்ளை மெதுவாக எண்ணினால் எல்லோரும் ஒளிந்துவிடுவார்கள். வாய் வேகமுள்ள நானா எண்ணினால் பாதிப்பேர் முற்றத்திலேயே பிடிபடுவார்கள். கணினிகளின் வரலாற்றிலும் இதே சிக்கல் வந்தது.

வலையமைப்பு அட்டைக்குக் கட்டளை கொடுத்த உடனே அது தயாராகிவிடாது. சில வேலைக்கு மைக்ரோசெக்கன்கள் போதும். சிலவற்றுக்கு மில்லிசெக்கன்கள் வேண்டும். ஈதர்நெட் தரநியமம், கம்பியோடு பேசும் சில்லு மீளமைவதற்கு அரைச் செக்கன் வரை அனுமதிக்கிறது. அதுவரை சாதனச் செலுத்தி பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வாசித்தால் பிழையான தரவுதான் கிடைக்கும்.

எப்படிப் பொறுத்திருப்பது? 1981இல் வந்த ஐபிஎம் பிசி 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. ஒன்றும் செய்யாத ஒரு சுற்றை இத்தனை தடவை ஓடவிட்டால் இவ்வளவு நேரம் போகும் என்று கணக்குப் பார்த்து எழுதினார்கள். வேகமான கணினிகள் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. வேகத்தைக் குறைப்பதற்கென்றே கணினிப் பெட்டிகளில் 'டர்போ' பொத்தான் வைத்தார்கள்.

அடுத்து ஒரு நல்ல யோசனை வந்தது: கணினி எழும்பும்போதே அதன் வேகத்தை அளந்துகொள்வது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் அப்படி அளந்த வேகத்தைத் திரையில் 'போகோமிப்ஸ்' என்று காட்டும். 'போகோ' என்றால் போலி. இது உண்மையான வேகக் கணக்கு அல்ல, காத்திருக்க மட்டும் உதவும் கணக்கு என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

விண்டோஸ் 95இன் வலையமைப்புச் செலுத்திப் பகுதியும் இப்படித்தான் அளந்தது. அது வெளிவந்தபோது பென்டியத்தின் உச்ச வேகம் 133 மெகாஹேர்ட்ஸ். 2002 ஜனவரியில் 2.2 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 வந்தது. அளவைச் சுற்று கண் இமைக்குமுன் முடிந்து, எடுத்த நேரம் பூச்சியம் என்று பதிவானது. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நாம் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அந்த இடத்திலேயே விண்டோஸ் எழும்பாமல் நின்றது. அதற்கு முன்பே, 1998இல், 350 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடிய ஏஎம்டி கே6-2 கணினிகளில் விண்டோஸ் 95 இதுபோல் விழுந்திருந்தது. பார்ப்பவருக்குப் புதுக் கணினி பழுது என்றுதான் தோன்றும். உண்மையில் கணினியில் ஒரு குறையும் இல்லை. அது இவ்வளவு வேகமாகும் என்று எழுதியவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று செலுத்தி எழுதுபவர்கள் முறைவழியாக்கியின் வேகத்தை நம்பி எண்ணுவதில்லை. வன்பொருள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சில மைக்ரோசெக்கன் என்றால் மட்டும் நின்ற இடத்தில் காத்திருப்பு. அதற்கு மேல் என்றால் உறங்கிவிட்டு, முறைவழியாக்கியை மற்ற வேலைக்கு விடுகிறார்கள். 'தயாரா?' என்று அட்டையிடமே கேட்கிறார்கள். பதில் வராவிட்டால் எப்போது கைவிடுவது என்பதற்கும் ஓர் எல்லை வைக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்கு நிரல் எழுதும்போது, 'கொஞ்சம் நிற்கட்டும்' என்று ஓர் எண்ணைப் போடுவார்கள். அந்த எண் நேரத்தைச் சொல்கிறதா, அல்லது இன்றைய கணினியின் வேகத்தைச் சொல்கிறதா என்று அவர்களிடம் கேட்போம். இன்று சரியாக ஓடுவது மட்டும் போதாது. நாளைக்கு வரும் கணினியிலும் அது ஓட வேண்டும்.