அன்னை வெரோனிக்கா: காணாத பாடசாலைகளின் தாய்

எமது கல்லூரியின் பிரதான மண்டபத்தில் மாட்டப்பட்டிருக்கும் அன்னை வெரோனிக்காவின் படத்தை நாம் எல்லோரும் அறிவோம். காலைக் கூட்டத்தில் வரிசையாக நின்ற நாட்களிலும், பரீட்சைக்குப் போகுமுன் அவசரமாக வேண்டிக்கொண்ட நாட்களிலும் அந்த முகம் எம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சிறு வகுப்பில் எம்மில் பலர் அவரைக் கல்லூரியின் முதல் அதிபர் என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அவர் எமது கல்லூரியைக் கண்டதேயில்லை. அவர் மறைந்த பின்னரே அவரது சகோதரிகள் இலங்கைக்கு வந்தனர். எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், அவரது வாழ்வைச் சற்று நினைத்துப் பார்ப்பது எமது கடமை எனக் கருதுகிறோம்.

சோபி லீவ்ஸ் என்பது அவரது இயற்பெயர். 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி, இன்று இஸ்தான்புல் என வழங்கும் கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஹென்றி டானியல் லீவ்ஸ் ஓர் அங்கிலிக்கன் குருவானவர். வேதாகமச் சங்கத்தின் சார்பில், வேதாகமத்தைப் பேச்சுவழக்குக் கிரேக்கத்தில் வெளிக்கொணரும் பணியில் உழைத்தவர். சாதாரண மக்கள் தமக்கு விளங்கும் மொழியில் வாசிக்க வேண்டும் என்று பாடுபட்ட அந்த வீட்டில், புத்தகங்களுக்கும் பல மொழிகளுக்கும் நடுவே சோபி வளர்ந்தார்.

1850ஆம் ஆண்டு, மோல்ற்றாத் தீவில் அவர் கத்தோலிக்க திருச்சபையில் இணைந்தார். அங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகளுக்கு அக்காலத்தில் இது எளிதான முடிவல்ல. அடுத்த ஆண்டே, புனித எமிலி டி வியலார் நிறுவிய புனித சூசையப்பர் சகோதரிகள் சபையில் சேர்ந்து, பாடுகளின் வெரோனிக்கா என்னும் துறவறப் பெயரைப் பெற்றார்.

1862இல் சபை அவரை இந்தியாவின் மலையாளக் கரைக்கு அனுப்பியது. கோழிக்கோட்டில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை ஒன்று அவ்வாண்டில் ஆரம்பமாயிற்று. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்தக் கரையில் படிப்பித்த நாட்களில் அவர் மனதில் ஓர் எண்ணம் வலுப்பெற்றது. பாடசாலையை நடத்தப் படித்த ஆசிரியைகள் வேண்டும்; அவர்கள் களைத்து ஓய்ந்துவிடாதிருக்க ஆழ்ந்த செபவாழ்வும் வேண்டும். கார்மேல் மடத்தின் செபத்தையும் வகுப்பறையின் உழைப்பையும் ஒரே வாழ்வில் இணைக்க முடியாதா என்று அவர் சிந்தித்தார்.

இன்று எமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். காலையில் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருந்த சிஸ்டர் எட்டு மணிக்குக் கரும்பலகையின் முன் நிற்பதைப் பார்த்துத்தானே நாம் வளர்ந்தோம்! ஆனால் அன்றைய கார்மேல் கன்னியர் மடத்தின் அடைப்பை விட்டு வெளியே வருவதில்லை. அவர்களது பணி மௌனமும் செபமுமே. படிப்பிக்கும் கார்மேல் சபை என்பது பலருக்குப் பொருந்தாத ஒன்றாகவே பட்டது. ஆயினும் மங்களூரின் ஆயராகப் பணியாற்றிய பிரெஞ்சுக் கார்மேல் துறவி மரி எப்ரேம் ஆண்டகையும் இதே தேவையை உணர்ந்திருந்தார். அவரது ஆதரவு அன்னைக்குப் பெருந்துணையாயிற்று.

முன்னைய சபையை விட்டு விலகி, பிரான்சின் போ நகரிலிருந்த கார்மேல் மடத்தில் பயிற்சி பெற்ற அன்னை, 1868ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி, கார்மேல் அன்னையின் திருநாளன்று, பேயோன் நகரில் அப்போஸ்தலிக்க கார்மேல் சபையின் முதல் இல்லத்தைத் திறந்தார். ஆண்டுதோறும் யூலை 16ஐ நாம் கொண்டாடியதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. அங்கே பயின்ற சகோதரிகளுள் மூவர் 1870 நவம்பரில் மங்களூர் வந்து சேர்ந்து, புனித அன்னம்மாள் பெயரால் மடமும் பாடசாலையும் அமைத்தனர். அன்னை பிரான்சிலேயே தங்கிவிட்டார். புதியவர்களைப் பயிற்றி அனுப்ப ஒருவர் அங்கே வேண்டியிருந்தது.

பின்னர் வந்தது பெரும் சோதனை. 1873இல் ஆயர் மரி எப்ரேம் காலமானார். பேயோன் இல்லமும் மூடப்பட்டது. ஐம்பது வயதில், தாம் கட்டியெழுப்பியது கண்முன்னே கலைவதை அன்னை கண்டார். முறையிட்டுக்கொண்டிராமல் போ நகரின் அடைப்பு மடத்துக்குத் திரும்பினார். பெத்லகேமில் உருவான கார்மேல் மடத்திலும் சில காலம் பணிசெய்து, மீண்டும் போ நகருக்கு வந்து, 1906ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். மங்களூரில் தமது சபை வேர்விட்டதை அவர் நேரில் காணவில்லை.

எனினும் அந்த வேர் பட்டுப்போகவில்லை. கோழிக்கோட்டுப் பாடசாலை பின்னாளில் அவரது சபையின் கைக்கே வந்தது. 1921இல் மங்களூரில் புனித ஆக்னஸ் மகளிர் கல்லூரி எழுந்தது. கடல் கடந்து எமது கிழக்கு மண்ணுக்கும் சகோதரிகள் வந்தார்கள். திருகோணமலை புனித மரியாள் கல்லூரி, மட்டக்களப்பு புனித சிசிலியா கல்லூரி என அவர்கள் உழைத்த இடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் அன்னையை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

எமது நினைவுகளுக்கு வருவோம். சைவப் பிள்ளையும் இஸ்லாமியப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே வாங்கிலிருந்து படித்தோம். பாடம் தொடங்குமுன் ஒரு நிமிடம் கண்மூடி நிற்கப் பழக்கினார்கள். அவரவர் தம் இறைவனை நினைத்துக்கொண்டோம். வசதிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளையின் பெயரை வகுப்பில் யாரும் வாசித்ததில்லை; அது எப்படியோ கட்டப்பட்டுவிடும். இடம்பெயர்ந்த காலங்களில் கொப்பியும் பென்சிலும் இல்லாமல் வந்தவர்களுக்கு அவை மேசையில் இருந்தன. செபமும் படிப்பும் ஒன்றாக வேண்டும் என்று அன்னை எண்ணியதன் பொருளை அப்போது நாம் அறியவில்லை, இப்போது அறிகிறோம்.

எம்மைப் படிப்பித்தவர்களில் பலரும் அன்னையைப் போன்றவர்களே. நாம் வைத்தியராகவோ ஆசிரியையாகவோ நல்ல தாயாகவோ ஆனதைக் காணுமுன் மாற்றலாகிப் போனவர்கள், கண்மூடியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் காணாத பலன் நாமே. இன்றும் வறுமையால் சாதாரண தரத்துக்கு முன்பே படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் எமது அயலிலேயே இருக்கிறார்கள். எமது சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டு, அப்படியான ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து மீண்டும் வகுப்பறைக்குக் கூட்டிவருவதில் தொடங்கட்டும். அவள் என்னவாக வருவாள் என்பதை நாம் காணாமலே போகலாம். அன்னை வெரோனிக்காவும் எம்மைக் காணாமலேதான் போனார்.