மழைநாளில் பொழுது சொன்ன பிச்சி

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளில் அமைந்த பாட்டு. அதன் முற்பகுதி முழுக்க மழையும் வாடையும்தான். வானம் இருண்டு கிடக்கிறது, பகலா இரவா என்று தெரியவில்லை. வீட்டில் வாழும் சிவந்த கால் ஆண்புறா மன்றத்துக்கு இரை தேடப் போகவில்லை. பொழுது புரியாமல் தடுமாறி, இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. அதே வீட்டுப் பெண்களுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. பறித்துப் பூந்தட்டில் இட்டு வைத்திருந்த பிச்சி அரும்புகள் கட்டவிழ்ந்து மணக்கத் தொடங்குகின்றன. மாலை வந்துவிட்டது என்று அறிந்து, இரும்பு விளக்கின் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள்.

பூவை வைத்து நேரம் பார்த்ததற்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று தமிழில் கிடைப்பது அரிது. சங்ககாலத்தில் வேறு கடிகாரம் இல்லாமல் இல்லை. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் நாழிகை வட்டில் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்கும் நீரைக் கணக்கிட்டு, இன்ன நாழிகை ஆயிற்று என்று அரசனுக்கு அறிவிக்க அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அது அரசுக்கும் போருக்கும் உரிய காலக்கணக்கு. விளக்கேற்றும் வேளையைத் தெரிந்துகொள்ள வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவு துல்லியம் தேவைப்படவில்லை. ஒரு தட்டு அரும்பு போதுமாக இருந்தது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்த அரும்புகள் கொடியில் இல்லை. பறித்தாயிற்று, வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று, வெயிலும் கிடையாது. ஆனாலும் மாலையில் விரிகின்றன. வெளியே இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் செடி பொழுதை அறிகிறது என்றால், இருண்ட மழைநாளில் அந்தப் பூவும் புறாவைப் போலத் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறவில்லை என்பதை அந்தப் பெண்கள் அனுபவத்தில் அறிந்து, அதை நம்பி விளக்கேற்றினார்கள்.

செடிக்குள்ளேயே ஒரு காலக்கணக்கு ஓடுகிறதா என்ற கேள்வியை ஐரோப்பிய அறிவியல் சோதனையாக எடுத்துக்கொண்டது 1729இல். பிரெஞ்சு வானியலாளர் ஜான் ழாக் தொர்து தெ மேரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் பகல் வேளையில் இலைகள் விரிந்தன, இரவு வேளையில் கூம்பின. ஒரு நூற்றாண்டு கழித்து, 1832இல், சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் தெ காந்தோல், வெளியிலிருந்து குறிப்பு எதுவும் கிடைக்காதபோது அந்தச் செடியின் சுற்று 24 மணி நேரமாக இல்லாமல் 22, 23 மணி நேரமாகக் குறைவதைக் கண்டார். சூரியனைப் பார்த்து நகர்வதாக இருந்தால் இப்படி முந்திக்கொண்டு ஓடாது. கடிகாரம் செடிக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு விடியலும் அதைத் திருத்தி வைக்கிறது.

கவனித்துப் பார்த்தவர்கள் அதற்கும் வெகு முன்பே உண்டு. அலெக்சாந்தரின் படையோடு வந்த ஆந்த்ரோஸ்தனிஸ், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் ஒரு மரத்தைக் கண்டார். இரவில் மூடி, விடியலில் திறந்து, நண்பகலில் முழுதும் விரியும் அந்த மரம் தூங்குகிறது என்று தீவு மக்கள் சொன்னதைக் கிரேக்கத் தாவரவியலாளர் தியோஃப்ராஸ்டஸ் பதிந்து வைத்தார். அது புளியமரமாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. சாயுங்காலத்தில் புளிய இலை கூம்புவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

பூக்கடிகாரம் என்றதும் உலகம் சொல்லும் பெயர் சுவீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ். உப்சாலா நகரில் அவர் எந்தப் பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று குறித்து, 1751இல் வெளிவந்த தம் நூலில் பட்டியலாகத் தந்தார். பூக்களை மூன்றாகப் பிரித்தார்: வானிலையைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்பவை, பகலின் நீளத்துக்கேற்ப மாறுபவை, சொன்ன நேரம் தவறாதவை. கடிகாரத்துக்கு உதவுவது மூன்றாம் வகை மட்டுமே.

ஆனால் அந்தப் பட்டியல் உப்சாலாவின் நீண்ட கோடைப் பகலுக்கு உரியது. அங்கே வெள்ளை அல்லி காலை ஏழு மணி வாக்கில் விரிந்து மாலை ஐந்து மணிக்குக் கூம்பும். நம் குளத்து வெள்ளாம்பலோ இரவில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்வது. தோட்டத்திலும் இப்படித்தான். பூசணிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் வாடும். பீர்க்கம்பூ மாலையில் விரியும். பகலில் வரும் தேனீயையோ இரவில் வரும் அந்துப்பூச்சியையோ நம்பி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேளை வைத்திருக்கிறது. லின்னேயஸின் உழைப்பு பெரியது, ஐயமில்லை. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே மூன்றாம் வகைப் பூ ஒன்றைத் தேர்ந்து அன்றாடத்தில் பயன்படுத்தியவர்களுக்கும் பூக்கடிகாரத்தின் வரலாற்றில் இடம் தர வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1889இல் நெடுநல்வாடை அடங்கிய பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து அந்தச் சான்று அச்சிலேயே இருக்கிறது. தாவரவியல் எழுதுவோர்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாலையில் அவிழும் பூவை நம்பி இன்று ஒரு பெரிய வணிகமே நடக்கிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டு கலைவதற்கு முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். பறிப்பது பூவை அல்ல, அன்று மாலை விரியப்போகிற முற்றிய மொட்டை. இன்றைய மொட்டும் நாளைய மொட்டும் ஒரே கொடியில் இருக்கும். நிறத்தையும் பருமனையும் பார்த்துக் கண நேரத்தில் பிரித்தெடுக்கும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. தப்பிய மொட்டு இரவில் மலர்ந்துவிடும். மறுநாள் சந்தையில் அதற்கு மதிப்பு இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையிலேயே விலை சூடு பிடிப்பதற்குக் காரணம் இதுதான். மொட்டு உதிரியாக விற்றாக வேண்டும், கட்டுபவர் கைக்குப் போய்ச் சரமாக வேண்டும், மாலைக்குள் தலையில் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் கெடு வைத்திருப்பது அந்த மொட்டு.

வாசனைத் திரவிய ஆலைகளுக்குக் கணக்கு நேரெதிர். மல்லிகை மொட்டில் மணம் இல்லை; விரியும்போதுதான் பிறக்கிறது. அதனால் வாங்கிய மொட்டைப் பரப்பி வைத்து, மலரும்வரை காத்திருந்து பிறகே சாறு எடுக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களின் கவலையோ அந்த நேரத்தைத் தள்ளிப்போடுவதில். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிற மல்லியை ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றுகிறார்கள். குளிரில் மொட்டின் கடிகாரம் மெதுவாகிறது. பெட்டியைத் திறந்து வெளியே எடுத்தால் மறுபடி ஓடத் தொடங்கும்.