பினாங்கைக் கண்டோம், தஞ்சையைக் கண்டோமா?

காவிரிப் படுகையிலுள்ள நம் ஊர்களின் பழைய வீடுகளுக்குள் நுழைவோர் கண்ணில் சில பொருள்கள் படாமற் போகா. கூடத்துச் சுவரில் பினாங்குக் கடைவீதியின் நிழற்படம் தொங்கும். பரணில் பர்மாவிலிருந்து வந்த பீங்கான் சாடி இருக்கும். தேக்குப் பெட்டியின் அடியில் இரங்கூன் அஞ்சல் முத்திரை பதிந்த கடிதக் கட்டு கிடக்கும். கூத்தாநல்லூராயினும் இராஜகிரியாயினும், பண்டாரவாடையாயினும் அய்யம்பேட்டையாயினும், அதிராம்பட்டினமாயினும் முத்துப்பேட்டையாயினும் இதுவே காட்சி. ஆயினும் அவ்வீட்டுப் பெரியவர்களிடம், "தஞ்சை அரண்மனையைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு புன்னகையே விடையாகக் கிடைக்கும்.

கடல் கடந்து ஆயிரம் மைல் சென்ற சமுதாயம், கண்ணுக்கெட்டிய தொலைவிலிருந்த தலைநகரைக் கண்டு களிக்காமல் விட்டது ஏன்? அதனால் நாம் இழந்தது என்ன? வாசகப் பெருமக்களோடு சேர்ந்து இதைச் சற்றே ஆராய விரும்புகிறோம்.

புகைவண்டி தந்த நெருக்கம்

ஒரு காலத்தில் தஞ்சைக்குச் செல்வது எளிய செயலன்று. கூண்டு வண்டியில் திரை கட்டி, விடியற்காலையில் மாடு பூட்டி, ஆற்றுக்கு ஆறு இறங்கி ஏறிச் செல்ல வேண்டும். வெண்ணாறும் வடவாறும் பெருக்கெடுத்தால் பயணம் பாதியில் நின்றுவிடும். அந்நிலையை மாற்றியது இருப்புப் பாதை. 1861ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், 1862இல் அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைப்பதே அதன் முதல் நோக்கம். மக்கள் ஊர் பார்ப்பதற்காக எவரும் இருப்புப் பாதை போடவில்லை. 1870களின் பிற்பகுதியில் மாயவரம், கும்பகோணம் வழியாக மற்றொரு பாதை தஞ்சையை வந்தடைந்தது. பாபநாசமும் பண்டாரவாடையும் அய்யம்பேட்டையும் அப்பாதையில் நிலையங்களாயின.

தென்பகுதிக்கு வந்த பாதையின் வரலாறு இன்னும் சுவையானது. தஞ்சை மாவட்டக் கழகம் நிலவுடைமையாளர்களிடம் தனி வரி தண்டி, அந்தப் பணத்தில் தானே ஓர் இருப்புப் பாதையை அமைத்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையிலான அப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. பின்னர் அது அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை வழியாக நீண்டு, 1903இல் அறந்தாங்கியை எட்டியது. நிலம் வைத்திருந்த நம் முன்னோரும் அவ்வரியைச் செலுத்தியவர்களே. ஆகவே அந்தத் தண்டவாளத்தில் நம் வயல்களின் நெல்லும் கலந்திருக்கிறது எனில் அது மிகையன்று.

புகைவண்டியில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டி இருந்தது. கூண்டு வண்டியின் திரைக்குள் முடங்கிச் சென்ற தாய்மார்கள், தம் நாணத்துக்கும் மார்க்க ஒழுக்கத்துக்கும் ஊறு நேராமல், சன்னலோரம் அமர்ந்து வயல்வெளியைப் பார்த்தபடியே செல்ல வழி பிறந்தது.

மன்னரின் உடைமை மக்களின் உடைமையானது

இதே காலத்தில் தஞ்சையும் தன் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அரசை எடுத்துக் கொண்டனர். 1866இல் தஞ்சை நகராட்சி தோன்றிற்று. பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவை 1871-72ஆம் ஆண்டுகளில் மக்கள் பூங்கா என்ற பெயரில் அந்நகராட்சியே அமைத்தது. நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோஜி மன்னரால் பெருக்கப்பட்ட சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 1951இல் அரண்மனைக் கட்டடத்திலேயே கலைக்கூடம் அமைந்து, சோழர் காலச் செப்புத் திருமேனிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஒரு நூற்றாண்டுக்குள் நடந்த மாறுதல் இது. அரசரும் அரசரைச் சார்ந்தோரும் மட்டுமே நுகர்ந்த இன்பங்கள், இரண்டணாச் சீட்டு வாங்கி வரும் உழவனுக்கும் உரியவையாயின. சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்ததும், சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்கள் குடும்பத்தோடு தஞ்சைக்கு வந்து ஒரு பகற்பொழுதைக் கழித்துத் திரும்புவர். பூங்கா நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்ப்பர். அரண்மனை மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பர். பிள்ளைகளுக்குத் தலையாட்டிப் பொம்மை வாங்கித் தருவர்.

நம்மவர் சென்றது எதற்கு?

நம்மவர் தஞ்சைக்குச் செல்லாமலில்லை. நிலப் பத்திரம், நீதிமன்ற வழக்கு, மருத்துவமனை, திருமணச் சாமான் ஆகிய இந்நான்கிற்காகச் சென்றார்கள். வேலை முடிந்ததும் அடுத்த வண்டியில் திரும்பினார்கள். "தஞ்சாவூருக்குப் போயிருக்கிறார்கள்" என்று சொன்னால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்கும் வழக்கம் நம் தெருக்களில் நெடுங்காலம் இருந்தது. குடும்பத்தோடு வெளியே செல்லும் மகிழ்ச்சி வேண்டுமெனில் நாகூர்க் கந்தூரி இருந்தது. அதற்கு மேல் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்காக முன்னோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வீட்டின் ஆண்மகன் மூன்றாண்டுக்கு ஒருமுறையோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறையோதான் கப்பலில் வந்தார். 1926 முதல் 1973 வரை ஓடிய இரஜூலாக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் நம் சபுராளிகளைச் சுமந்தது. அவர் இல்லாத நாட்களில் பெண்களை ஊர் பார்க்க அழைத்துச் செல்லத் துணையில்லை. 1941 இறுதியில் ஜப்பானியர் போர் மூண்டு மலாயாவும் பர்மாவும் துண்டிக்கப்பட்டபோது, பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அத்தகைய குடும்பங்களில் சிக்கனமே சமயக் கடமைபோல் போற்றப்பட்டதில் வியப்பென்ன?

நம் குடும்பத்து மூதாட்டி ஒருவரை இங்கே நினைவுகூர்கிறோம். பினாங்கின் சூலியா தெருவையும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், அங்குள்ள நாகூர் தர்காவையும் கண்ணால் கண்டவரைப் போல் வருணிப்பார். அவர் கணவர் எழுதிய கடிதங்களே அவருக்குக் கண்கள். தஞ்சையில் அவர் அறிந்தது மருத்துவமனையின் ஒரு கூடத்தை மட்டுமே. எழுபது வயதுக்கு மேல் பேரப்பிள்ளைகள் அவரை அரண்மனைக்கு அழைத்துச் சென்றனர். தர்பார் மண்டபத்தில் நெடுநேரம் நின்றவர், "இவ்வளவு பக்கத்திலா இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியில் இருந்த ஏக்கமே இக்கட்டுரைக்கு வித்து.

தஞ்சையில் நம் சுவடுகள்

"மன்னர்களின் மாளிகையில் நமக்கென்ன இருக்கிறது?" என்று சிலர் வினவக்கூடும். இருக்கிறது என்றே உறுதியாகக் கூறுவோம். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். நாம் ஆண்டுதோறும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோபுரத்தின் வரலாறு தஞ்சை அரண்மனையில்தான் தொடங்குகிறது.

சரபோஜி என்னும் பெயரையே எடுத்துக் கொள்வோம். மராட்டிய போன்சலே குடும்பத்தின் மூதாதையான மாலோஜி, பிள்ளைப்பேறு வேண்டி அகமதுநகரிலுள்ள ஷா ஷரீப் என்ற இறைநேசரின் அடக்கத்தலத்தில் வேண்டிக்கொண்டார் என்றும், பிறந்த இரு ஆண்மக்களுக்கும் அப்பெரியாரின் நினைவாக ஷாஜி, ஷரீப்ஜி எனப் பெயரிட்டார் என்றும் அக்குல மரபு கூறுகிறது. அந்த ஷாஜியின் மகன் ஏகோஜியே தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். அவர் வழிவந்தோர் ஷாஜி, சரபோஜி என்ற பெயர்களைத் தொடர்ந்து சூடினர். தஞ்சை மன்னரின் பெயரில் ஒரு முஸ்லிம் பெரியாரின் நினைவு வாழ்ந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ ஆய்வகத்தை நடத்தினார். அங்கே சித்தம், ஆயுர்வேதம், ஆங்கில மருத்துவம் ஆகியவற்றோடு யூனானி மருத்துவமும் சரியாசனம் பெற்றது. மல்லிப்பட்டினத்தருகே கடற்கரையில் 1814-15இல் அவர் எழுப்பிய எட்டடுக்குக் கோட்டைக்கு மனோரா என்று பெயர். மினாரா என்ற நம் சொல்லே அவ்வாறு மருவி நிற்கிறது.

கசப்பான ஏடும் ஒன்றுண்டு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, கம்பெனிப் படையின் துணையோடு 1773இல் தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் அது துளஜா மன்னரிடம் மீண்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. உறவும் பகையும் கலந்ததே வரலாறு. இரண்டையும் அறிந்தவனே ஓர் ஊரைத் தன் ஊர் என்று சொல்லும் தகுதி பெறுகிறான்.

பெரிய கோயிலும் அவ்வாறே. வழிபாடு நமக்குரியதன்று, ஆனால் 1010இல் முடிவுற்ற, ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தை எழுப்பிய கைத்திறன் இம்மண்ணில் பிறந்த அனைவருக்கும் உரியது. 1987இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. உலகமே வந்து காணும் பொருளை, அடுத்த ஊர்க்காரராகிய நாம் மதில் ஓரமாகக் கடந்து போகலாமா? பூமியில் பயணம் செய்து, முன்சென்ற மக்களின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை மீண்டும் மீண்டும் பணிக்கிறதன்றோ!

இன்று செய்யத் தக்கது

காலம் மாறிவிட்டது. இரஜூலாவுக்குப் பின் அத்தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு நாகையின் கப்பல் பயணக் காலம் முடிவுற்றது. பினாங்கின் இடத்தை வளைகுடா நாடுகள் பிடித்தன. இன்றைய சபுராளி திருச்சியில் விமானமேறி, சில மணி நேரத்தில் துபாய் சேருகிறார். குடும்பத்தையும் அழைத்துச் சென்று அந்நாட்டு அங்காடிகளைக் காட்டுகிறார். அதில் தவறில்லை. ஆனால் அப்பிள்ளைகளிடம் தஞ்சையைப் பற்றிக் கேட்டால், நெடுஞ்சாலையோரத்து உணவு விடுதியின் பெயரைச் சொல்கின்றன. பழைய குறை புது வடிவில் தொடர்கிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1966இல் தஞ்சையில் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி தோன்றியது; 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்து சிற்றூர்களுக்கும் பேருந்துகள் பெருகின. பாட்டியர் மருத்துவமனை வாசலை மட்டுமே கண்ட நகரத்தில், பேத்தியர் புத்தகப் பையோடு நடக்கின்றனர். இன்று நம் வீடுகளில் தஞ்சையை நன்கறிந்தவர் எவரெனில், அத்தாமாரல்லர், இப்பெண்மக்களே.

அவர்களையே வழிகாட்டிகளாகக் கொள்வோம். தை அறுவடைக்குப் பின்னரோ, பெருநாள் விடுமுறையிலோ ஒரு நாளை ஒதுக்குங்கள். முற்பகலில் அரண்மனையும் நூலகக் காட்சிக்கூடமும். லுஹர்த் தொழுகைக்குப் பின் உணவு. மாலையில் சிவகங்கைப் பூங்கா. செலவு அதிகமாகாது. முக்கியமான ஒன்று: வீட்டில் முதியவள் ஒருத்தி இருப்பின், அவளை விட்டுச் செல்லாதீர்கள். கடிதங்களின் வழியே பினாங்கைக் கண்ட கண்கள் அவை. அண்டையிலிருக்கும் தஞ்சையையும் அவை ஒருமுறை கண்டு மகிழட்டும்.