சீருடையிலிருந்து டிக்கெட்டுக்கு: ஹைடனின் கதை

சிம்பொனி கச்சேரி என்றதும் கோட்டு சூட்டு போட்ட பணக்காரர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அதை எழுதியவர்களும் வாசித்தவர்களும் ஒரு காலத்தில் அரண்மனை வேலைக்காரர்கள். அப்படி ஒருவர் டிக்கெட் விற்கும் அரங்குக்கு வந்த கதை இது. (காமர்ஸ் படிப்பவன் என்பதால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்!)

ஆஸ்திரியாவில் பிறந்த ஜோசப் ஹைடன், 1761-ல் எஸ்டெர்ஹாசி என்ற ஹங்கேரியப் பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தால் ஒரு இசை மேதையை வேலைக்கு எடுத்த மாதிரியே இருக்காது. சீருடை போட வேண்டும். தினமும் இரண்டு வேளை வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்க வேண்டும். எழுதும் இசை பிரபுவுக்கு மட்டுமே, வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. இந்த நிபந்தனை 1779-ல்தான் நீங்கியது.

1772-ல் பிரபு நிக்கோலஸ் கோடைக்கால அரண்மனையை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை. வாத்தியக்காரர்களோ குடும்பத்தைப் பார்க்க ஏங்கிக்கொண்டிருந்தார்கள். எஜமானரிடம் நேராகக் கேட்க முடியுமா? ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் முடிவில் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தி, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, மறுநாளே எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள் என்று சொல்வார்கள். உலகத்திலேயே அழகான லீவ் லெட்டர் இதுவாகத்தான் இருக்கும்!

1790-ல் நிக்கோலஸ் இறந்தார். அடுத்து வந்த ஆன்டன் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்குப் பென்ஷன் உண்டு. செய்தி கேட்டதும் சாலமன் என்ற வயலின் கலைஞர் வியன்னாவுக்கு ஓடி வந்தார். லண்டனில் கச்சேரிகள் நடத்துபவர் அவர். ஆறு புது சிம்பொனிகளுக்கு 300 பவுண்டு என்று பேசி முடித்து ஹைடனை அழைத்துப் போனார்.

1791 மார்ச் 11 அன்று ஹனோவர் ஸ்கொயர் அரங்கில் முதல் கச்சேரி. 12 கச்சேரிகளுக்குச் சந்தா 5 கினி. மே 16 அன்று ஹைடனுக்காகவே ஒரு கச்சேரி. அதில் 200 பவுண்டு நிச்சயம் என்று உறுதி தந்திருந்தார்கள், கிடைத்ததோ 350.

பணம் மட்டும் மாறவில்லை, இசையும் மாறியது. நால்வர் வாசிக்கும் குவார்டெட் அதுவரை பெரும்பாலும் வீட்டுக் கூடத்து இசை. 1793-ல் ஹைடன் லண்டன் அரங்கை மனதில் வைத்து ஆறு குவார்டெட்கள் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை பலத்த ஒலியோடு தொடங்கும். பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அடக்க வேண்டுமே!

ஆக, டிக்கெட்தான் இசைக் கலைஞனுக்கு விடுதலை தந்தது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஆர்கெஸ்ட்ரா கலைந்தபோது வேலை போன மற்றவர்களைத் தேடி சாலமன் வரவில்லை. 5 கினி என்பதும் லண்டன் கூலித் தொழிலாளிக்குப் பல வாரச் சம்பளம். சந்தை ஹைடனுக்குக் கதவைத் திறந்தது உண்மைதான். ஆனால் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதவு திறந்திருக்கும்?